இலை எடுத்த பிறகு வரும் இனிப்பு

காலை 8.10. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. அதனால் தாமதமாகப் போகிறவன் ரயில்மேல் பழி போட முடியாது. நானோ இரண்டு வருடம் தாமதமாகப் போகிறவன். எந்த வண்டிமேலும் பழி போட முடியாது.

ஜெயங்கொண்டத்தில் என் சிநேகிதன் குணாவுக்கு அன்று கருமாதி. பதினாறு நாளுக்கு முன்னால், கறிகாய் வாங்கப் போன சந்தையிலேயே மாரடைப்பு வந்து போய்விட்டான். வயது நாற்பத்தாறு. மலேசியாவில் ஒரு ஹோட்டல் அடுப்படியில் பதினோரு வருடம் இருந்துவிட்டு வந்து, கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்துகொண்டிருந்தான். நான் பெரம்பலூரில் மாடியறை ஒன்றில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவன். முப்பது நாளில் ஆங்கிலம் என்று போர்டு வைத்திருக்கிறேன். எனக்கே இருபத்தேழு வருடமாக வந்தபாடில்லை.

அரியலூருக்கு முப்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். மடியில் ரோஜா மாலைப் பொட்டலம். பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பார்த்தார்.

"கல்யாணங்களா?"

"கருமாதிங்க."

"ரொம்ப வேண்டப்பட்டவங்களா?"

"ஆமாங்க. நான்தான் அவருக்கு வேண்டப்பட்டவனா நடந்துக்கல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்ஸில் சக பயணியை வாயடைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

9.25. அரியலூர். ஊருக்குள் நுழையும்போதே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்தத் தூசியில் மரத்து இலைகளெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தன. பஸ் ஒரு மண்டபத்தைக் கடந்தது. நான் தலையைக் குனிந்து மாலைப் பொட்டலத்தைப் பிரித்துக் கட்டினேன். நன்றாகக் கட்டியிருந்ததைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த மண்டபத்தில்தான் குணாவின் முதல் பெரிய ஆர்டர் நடந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு என் வகுப்புக்கு வந்திருந்தான்.

"வாத்தியாரே, மெனு கார்டுல டெசர்ட்டுனு போடப்போறேன். கடைசியா வர்ற இனிப்புக்கு அந்தப் பேரு ஏன் வந்துச்சு? யாராச்சும் கேட்டா சொல்லணும்ல."

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல இங்கிலீஷ் வாத்தியாரால் முடியுமா? "விருந்தோட கிரீடம்னு அர்த்தம்டா. ராஜாக்கள் வச்ச பேரு" என்று அடித்துவிட்டேன். அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான்.

அவன் திட்டம் இது. நம் ஊரில் இனிப்பு இலையோரத்தில் முதலிலேயே வந்துவிடும். அவன் அதை நிறுத்திவிடுவான். சாப்பிட்டு முடித்ததும் இலையையும் அடியில் விரித்த பேப்பரையும் சுருட்டி எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்து, புதுப் பேப்பர் விரித்து, கண்ணாடிக் கிண்ணத்தில் இளநீர் புட்டிங். மேலே வறுத்த முந்திரி. மலேசியாவில் அப்படித்தான்.

"இலையைத் தூக்கினா நம்ம ஆளு எந்திரிச்சிருவான். நீ மொதப் பந்தியில உக்காரு. நீ எந்திரிக்காம இருந்தாப் போதும், பாத்துட்டு மத்தவங்களும் இருப்பாங்க" என்றான்.

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இலை போனது. அடுத்த பந்திக்காரர்கள் வழக்கம்போல் எங்கள் நாற்காலிகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் பின்னால் நின்றவர் நாற்காலியை லேசாக ஆட்டவும் ஆட்டினார். எதிரே துடைத்த மேசை. வரிசை முழுக்க என்னையே பார்த்தது. வாய் சும்மா இருக்குமா?

"இலையே போயிருச்சு, நான் மட்டும் உக்காந்திருக்க நான் என்ன மேசையா?" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பந்தியே சிரித்துக்கொண்டு எழுந்தது. அடுத்த பந்தியும், அதற்கடுத்ததும் அப்படியே. கை கழுவும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் தட்டோடு குணா அடுப்படி வாசலில் நின்றிருந்தான். கிண்ணங்களுக்குள் வெள்ளைப் புட்டிங் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருப்போம். போன் பண்ணுவதை நிறுத்திக்கொண்டான். மெனு கார்டிலிருந்து அந்த வார்த்தையையும் எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் போகலாம், தீபாவளிக்குப் போகலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே இருந்தேன். அறுபத்தாறு கிலோமீட்டர்.

10.05. ஜெயங்கொண்டம் பஸ். டிக்கெட் முப்பது ரூபாய். வி.கைகாட்டியில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை அதிகம். உடையார்பாளையம் தாண்டியதும் இரு பக்கமும் முந்திரிக்காடு.

அவன் செத்த சேதி வந்த அன்று வகுப்பிலிருந்த தடித்த அகராதியைப் பிரித்தேன். அதுவரை அதை மேசை விசிறிக்கு முட்டுக்கொடுக்கத்தான் வைத்திருந்தேன். அதில் கிரீடமும் இல்லை, ராஜாவும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த வார்த்தையாம். பரிமாறியதையெல்லாம் எடுத்து மேசையைக் காலி செய்வது என்று பொருள். பரிமாறுகிற நம் சர்வருக்கு நேர் எதிரான வேலை. எல்லாம் எடுத்த பிறகு வருவதால் இனிப்புக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. இதை யாரிடம் சொல்வது?

11.40. குணா வீடு. தெருவை அடைத்துப் பந்தல். படத்துக்கு மாலை போட்டேன். மலேசியாவில் எடுத்த படம், தலையில் சமையல்காரத் தொப்பி. அவன் மனைவி மலர்க்கொடி வந்தாள்.

"வாங்கண்ணே. மொதப் பந்தியில உக்காருங்க. இன்னைக்கு அவரு ஆசப்பட்ட மாதிரியே கடைசியிலதான் இனிப்பு வைக்கப்போறேன்."

குணாவின் பெரியப்பா குறுக்கே வந்தார். "கருமாதி வூட்டுல என்னம்மா புதுப் பழக்கம்? சனங்க எந்திரிச்சிப் போயிரும்."

"போனாப் போகட்டுங்க மாமா. அவரு நெனச்ச மாதிரி ஒரு நாளாச்சும் வச்சிப் பாக்கணும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். நான் மெல்லக் கேட்டேன். "அந்த மண்டபத்துல நடந்தது உனக்குத் தெரியுமாம்மா?"

"கல்யாண வீடியோவுல இருக்கேண்ணே. நீங்க எந்திரிக்கிறது, எல்லாரும் சிரிக்கிறது. போன்ல வச்சிருந்தாரு. பாத்துட்டு அவரும் சிரிச்சாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மொதல்ல சிரிச்சாரு."

12.50. பந்தி. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர். என்ன ருசி என்று கேட்காதீர்கள். துக்க வீட்டு வழக்கப்படி இலையை வெளிப்பக்கமாக மடித்தேன். பேப்பரைச் சுருட்டி எடுத்தார்கள். துணியால் துடைத்தார்கள். பின்னால் ஒரு கை என் நாற்காலியைப் பிடித்தது.

"ஆச்சுங்களா சார்?"

"இன்னும் ஆகலீங்க."

எதிர் வரிசையில் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள். பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். முன்பின் பழக்கமில்லாத மனிதர்.

"உக்காருங்க. இன்னொன்னு இருக்கு."

"இலைதான் எடுத்துட்டாங்களேங்க?"

"எடுத்தாத்தாங்க அது வரும்."

என் முகத்தில் என்ன கண்டாரோ, உட்கார்ந்தார். பெரியப்பா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தானும் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்வதற்கு என்னிடம் வேடிக்கை ஒன்றும் இல்லை. துடைத்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் காய்ந்துகொண்டிருந்தது.

மலர்க்கொடி புதுப் பேப்பர் விரித்துக் கிண்ணத்தை வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பே தின்றிருக்க வேண்டியதை அன்று தின்றேன். இளநீரும் பாலும் முந்திரியும். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கிண்ணத்தை எடுக்க வந்தவளிடம் சொன்னேன். "கிரீடம்னு நான் சொன்னது பொய்ம்மா. மேசையக் காலி பண்றதுனுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்."

கிண்ணத்தை எடுத்து வாளியில் போட்டாள். "அப்ப அவரு சரியாத்தான் செஞ்சிருக்காரு."

"ஆமாம்மா."

"தப்பாச் செஞ்சிட்டேன்னுதான் சொல்லிக்கிட்டே இருந்தாருண்ணே."

அவ்வளவுதான். அடுத்த பந்தி உட்கார்ந்துவிட்டது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

1.30. கருமாதி வீட்டில் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லாமல்தான் கிளம்ப வேண்டும். வழியெல்லாம் மன்னிப்புக்கு வார்த்தை தேடிக்கொண்டு வந்தவனுக்கு ஊர் வழக்கம் வேலையைக் குறைத்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். 1.50க்குப் பெரம்பலூருக்கு நேர் பஸ். அதை விட்டால் அரியலூரில் மாற வேண்டும்.

பந்தல் ஓரமாகவே நின்றேன். உள்ளே மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பேப்பர் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஈரத்துணி. நாற்காலிக் கால் சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்று இழுபட்டது. இன்னொன்று. பெரியப்பாவின் குரல், "எங்கய்யா ஓடுற? குந்துய்யா, இன்னொன்னு இருக்குதுல்ல!" என்று அதட்டியது.

பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. என் பஸ்ஸாகத்தான் இருக்கும். நான் நகரவில்லை. உள்ளே, அதற்குப் பிறகு, எந்த நாற்காலியும் நகரவில்லை.