அடுப்புக்குப் போன பாலம்

மார்க்கையன்கோட்டையில் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போனால் மாயக்காளிடம் யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள்.

"ஒங்க வீட்டு ரயிலு இன்னைக்கு எத்தனை மணிக்குக்கா?"

மற்ற பெண்கள் குனிந்து சிரிப்பார்கள். மாயக்காள் சேலையைக் கல்லில் ஓங்கி அடிப்பாள். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறும்.

அவள் புருஷன் தவசி வெற்றிலைக் கொடிக்கால்காரன். போடிக்கு ரயில் பாதை போட்டபோது, கொடிக்கால் அழுகி நஷ்டப்பட்டிருந்த சமயம், ஓடைப் பாலங்களுக்குக் கல் சுமக்கப் போனவன். வேலை முடிந்து திரும்பியவன் பிறகு வருஷக்கணக்கில் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து, முப்பத்தாறு வாக்கில் வெற்றிலை விற்க மதுரைக்குப் போனவன், சாவி கொடுத்தால் ஓடும் ஒரு தகர எஞ்சினை வாங்கி வந்தான். மகள் சண்முகத்தாய்க்கு என்று நினைத்தாள் மாயக்காள். மகளோ சமைந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

தவசி மாடுகளை வேப்பமரத்தடிக்கு மாற்றிக் கட்டினான். மாட்டுக் கொட்டத்தைக் கழுவிவிட்டு ரயில் பாதை போட ஆரம்பித்தான். பெட்டியோடு வந்த தண்டவாளம் ஒரு சின்ன வட்டத்துக்குத்தான் போதும். மிச்சத்துக்கு மூங்கில் சிம்பு சீவினான். நடுவில் ஆறு மாதிரி ஒரு பள்ளம் தோண்டி அதன் மேல் பாலம் கட்டினான். கொடிக்காலில் வெட்டிய அகத்திக் குச்சிகள்தான் தூண்கள். மூங்கில் பிளாச்சுகளைத் தணலில் வாட்டி வில்லாக வளைத்துத் தூணுக்குத் தூண் வைத்து, வெற்றிலைக் கொடியைக் கட்டுகிற மாதிரியே வாழைநாரால் இறுக்கிக் கட்டினான். அந்த எஞ்சினால் மேடு ஏற முடியாது. கொஞ்சம் ஏறும், திணறும், நின்றுவிடும். அதனால் கரையிலிருந்து ஒவ்வொரு தூணையும் துளித்துளியாக உயர்த்திப் பாலத்துக்கு ஏற்றிவிட வேண்டியிருந்தது. ஒரு தூணைச் சரிசெய்தால் பக்கத்துத் தூண் தப்பாகிவிடும். மழைக்காலம் முழுக்க அதே வேலை.

எஞ்சின் முதல் தடவை அக்கரை சேர்ந்த சாயங்காலம் மாயக்காள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவளை அறியாமல் கையைத் தட்டிவிட்டாள். தட்டிய கையை உடனே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தலை நரைத்த மனுஷன் விளையாடுகிறான், தானும் நின்று பார்க்கிறோமே என்று இருந்தது.

அடுத்த மாசி மாதம் சண்முகத்தாயைப் பெண் பார்க்கச் சின்னமனூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முன்னதாகக் கோம்பையிலிருந்து வந்துவிட்டான் மாயக்காளின் அண்ணன் பலவேசம். கொட்டத்தை எட்டிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"ஏத்தா, என்னா இது? பெரிய மனுசங்க வர்றாக. கிறுக்குப் பிடிச்ச வீடுன்னு எந்திரிச்சுப் போயிருவாக. ஒதுக்கிப்புடு."

"அவர் வரட்டும்ணே. ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

"மாப்ளைட்ட கேட்டா விடுவாகளா?"

தவசி கொடிக்காலில் இருந்தான். மாயக்காள் எஞ்சினை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். பிறகு பாலத்தைப் பிடுங்கினாள். முழுசாக ஒதுக்கி வைக்க இடம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வைக்கோல் படப்புக்குப் பின்னால் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. அடுப்பில் வைத்த காய்ந்த அகத்தி நின்று எரியவில்லை, பக்கென்று பிடித்து முடிந்துவிட்டது. வந்தவர்களுக்கான சோறு அதில்தான் கொதித்தது.

தவசி வந்து கை கால் கழுவினான். கொட்டத்துப் பக்கம் போனான். திரும்பி வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விருந்தாளிகளோடு உட்கார்ந்தான். அடுப்பங்கரைப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. சாப்பிட்டு எழுந்ததும் மாப்பிள்ளையின் அப்பா நல்லகண்ணு வெற்றிலையை மடித்தபடி கேட்டார்.

"இங்கன ரயிலு ஓட்டுறீகளாம்ல? எங்கூர் வரைக்கும் பேச்சு. அதையும் பாத்துட்டுப் போகலாம்னு ஆசையா வந்தேன்."

கதவுக்குப் பின்னால் நின்ற மாயக்காள் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள். பலவேசம் தொண்டையைச் செருமினான்.

"இருந்துச்சுங்க," என்றான் தவசி. "கரையான் அரிச்சிருச்சு. நாந்தான் எடுத்துப் போட்டேன்."

"அடடா. பாவமே."

கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் தவசி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டியிருந்தால் மாயக்காள் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவன் வழக்கம்போலக் குழம்பு நன்றாக இருக்கிறது என்றான். அவளால் அவன் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடியவில்லை.

மகள் போன பின் ஒரு நாள் அவளே அகத்தி வெட்டி வந்தாள். பிளாச்சை வாட்டினாள், ஒன்று கருகியது, ஒன்று முறிந்தது. தூண்களை நட்டு நாரைக் கட்டி எஞ்சினுக்குச் சாவி கொடுத்தாள். அது பாதிப் பாலத்தில் குப்புற விழுந்து சக்கரம் சுற்றிக்கொண்டு கிடந்தது. அவள் அதைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தபோது தவசி வந்தான்.

"தூணுக்கு அடி ஒடுக்கமா இருக்கு," என்றான். "அகட்டி நடணும்."

"நான் எரிச்சுப்புட்டேன்."

"தெரியும். நாரை இப்பிடிக் கொடு."

இரண்டாவது பாலம் அப்படித்தான் எழுந்தது. ஊரில் சிரிப்பதற்குப் பதிலாகப் பார்க்க வந்தார்கள். யாராவது பாராட்டினால் மாயக்காள் உள்ளே போய்விடுவாள்.

பேரனுக்குக் காது குத்தச் சின்னமனூர் போயிருந்தபோது, பந்தியில் நல்லகண்ணு கரையான் அரித்த பழைய கதையை எடுத்தார். பலவேசமும் கூடச் சேர்ந்துகொண்டு, "எங்க மாப்ளை கட்டுன பாலம் கரையானுக்கே தாங்கலைங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தவசியும் சிரித்தான்.

பரிமாறிக்கொண்டிருந்த மாயக்காள் கரண்டியை வாளிக்குள் விட்டாள்.

"கரையான் அரிக்கலை. நீங்க வர்றீகன்னு நாந்தான் அடுப்புல வச்சு எரிச்சேன். நீங்க அன்னைக்குச் சாப்பிட்டது அந்த வெறகுல பொங்குன சோறு."

பலவேசம் இலையைப் பார்த்தான். நல்லகண்ணு, "சரித்தா, ரசம் ஊத்து" என்றார். அவள் ரசம் ஊற்றினாள். சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. இத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டதே என்ற கூச்சமும் சேர்ந்துகொண்டது.

வண்டியில் திரும்பும்போது மார்க்கையன்கோட்டைத் தோப்பு தெரிந்த பிறகுதான் தவசி வாயைத் திறந்தான்.

"அதை எதுக்குச் சபையில சொன்ன? எனக்குல்ல வெக்கமாப் போச்சு."

"ஒங்களுக்கு எதுக்கு வெக்கம்? எரிச்சது நானு."

"சம்பந்தகாரர்ட்ட கூசாமப் பொய் சொன்னது நானுல்ல. இனி அவக முகத்துல எப்பிடி முழிக்கிறது?"

அவள் சற்று நகர்ந்து, அவனுக்குச் சாய்ந்துகொள்ள இடம் விட்டு உட்கார்ந்தாள்.