வாய்க்கால் கரையில் ஒரு கோபமான ஜெபம்

எழுபதுகளின் தொடக்கத்தில், சம்பா அறுவடை நேரத்தில் நடந்தது இது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். அங்கே என் கணவர் பண்ணையார் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். உழுகிறவர்களின் பெயரை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். பெயர் பதிந்துவிட்டால் எங்களைக் கிளப்ப முடியாது என்பது பண்ணையாருக்கும் தெரியும். அதற்குள் கிளப்பிவிட நினைத்தார்.

அன்று காலை கணவர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. கதிர் முற்றி நின்ற எங்கள் வயலில் பண்ணை ஆட்கள் அரிவாளோடு இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓடினேன். "நாங்க நட்ட பயிரு, நாங்கதான் அறுப்போம்" என்று குறுக்கே நின்றேன். பண்ணையை மேற்பார்வை பார்த்த காரியக்காரர் பின்னாலிருந்து வந்து என் கொண்டையைப் பிடித்தார். வரப்பு நெடுக இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் தள்ளினார். இடுப்பில் உதையும் விழுந்தது. அறுக்க வந்தவர்கள் அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்கள். ஒருவர்கூட "விடுங்க" என்று சொல்லவில்லை.

குழந்தை தங்கவில்லை. பெண் என்று மருத்துவச்சி சொன்னாள். நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று ஊர்ச் சபையில் சொல்லிவிட்டார்கள். கணவர் தன் துண்டில் சுற்றிக்கொண்டு போய், அதே வாய்க்கால் கரையில், நொச்சிப் புதருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தார். போலீஸ் ஸ்டேஷனில், "நிலத் தகராறுதானே, பேசித் தீர்த்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நிலமும் போயிற்று. தஞ்சாவூருக்கு வந்துவிட்டோம். அவர் ரைஸ்மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். நான் பெண்கள் விடுதி ஒன்றில் சமையலுக்குப் போனேன்.

உடம்பு தேறிவிட்டது. மற்றது தேறவில்லை. முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். சபையில் சுவரில் சாய்ந்துதான் உட்காருவேன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டேன். விஷயம் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, "மன்னிச்சிடும்மா, ஆண்டவர் பார்த்துக்குவார்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மன்னிப்புக் கேட்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை. கேட்காதவனுக்கு நான் எதை எடுத்துக் கொடுப்பது? என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டவர்கூட ஒருவரும் இல்லை.

சில வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாள் பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்லும்படி போதகரின் மனைவி என்னைக் கேட்டார். பட்ட கஷ்டத்தையும், அதிலிருந்து ஆண்டவர் விடுவித்ததையும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். "கேக்குறவங்களுக்கு ஆறுதலா முடியணும், என்ன?" என்று அன்பாகத்தான் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன்.

வாயைத் திறந்ததும் வேறு வந்தது. வரப்பு, கொண்டை, உதை, துண்டு எல்லாம் வந்தது. "நான் மன்னிக்கல. விடுதலையும் கிடைக்கல. அதைத் தட்டிக் கேக்காத ஆண்டவர்மேலயும் எனக்குக் கோபம்தான்" என்றேன். போதகரின் மனைவி பதறிப்போய் ஒரு பாட்டை ஆரம்பித்தார். பின்வரிசையில் இருந்த ஒரு நர்ஸ் எழுந்தார்.

"பாட்டு இருக்கட்டும்மா. அவங்க சொல்லி முடிக்கட்டும்."

முடித்தேன். அந்த நர்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு யாரு ஜெபம் பண்ணினது?"

யாரும் இல்லை என்றேன். அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. அத்தனை வருஷத்தில் முதல் அழுகை.

போதகரின் மனைவி இரண்டு மூன்று நாள் கழித்து விடுதிச் சமையலறைக்கே வந்தார். "பிள்ளையப் புதைச்ச இடத்துல போய் ஜெபம் பண்ணணும்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். பண்ணை நிலம், வம்பு வரும்ங்கிறார். அவர் வராட்டி போகட்டும். நாம போவோம்" என்றார். பாட்டுப் பாடி என் வாயை அடைக்கப் பார்த்தவர் இவர்தானா என்று இருந்தது.

பெண்களாகச் சேர்ந்து பஸ் ஏறிப் போனோம். நடவு நேரம். வயலெல்லாம் தண்ணீர் நின்றது. நொச்சிப் புதர் அப்படியே இருந்தது. நாங்கள் கரையில் உட்கார்ந்ததுமே சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். அதே காரியக்காரர். கொஞ்சம் நரைத்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"யாரக் கேட்டு இங்க வந்தீங்க?"

"என்னைத் தெரியலையா? என் முடியப் பிடிச்சு நீங்க இழுத்துட்டு வந்த இடம் இது. என் பொண்ணு இங்கதான் கிடக்கு. ஜெபம் பண்ண வந்திருக்கோம்."

அவர் முகம் மாறியது. "அதெல்லாம் பழசு. இப்ப எதுக்குக் கிளறுறீங்க?"

"உங்களுக்குத்தாங்க பழசு."

இவ்வளவுதான் பேசினேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வருமோ என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். வரவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்தக் கொதிப்போடுதான் மண்டியிட்டேன். "ஆண்டவரே, அன்னைக்கு நீர் எங்கே இருந்தீர்?" என்று சத்தம் போட்டே கேட்டேன். யாரும் என்னை அடக்கவில்லை. போதகரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியைத் தானும் கேட்டார். குழந்தைக்கு அன்று ஒரு பெயர் வைத்தோம். அது எங்களோடு இருக்கட்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் நடு இருக்கைதான் கிடைத்தது. பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பாபநாசம் தாண்டிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

நிலம் வரவில்லை. பண்ணையார் கடைசிவரை மரியாதையோடு வாழ்ந்து மரியாதையோடு போனார். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு ஆத்திரம் வரும். மன்னித்துவிட்டீர்களா என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். உயிர்த்தெழுந்து வந்த ஆண்டவரின் கையிலேயே சிலுவையின் ஆணித் தழும்பு இருந்தது என்று நம்புகிறவள் நான்; அவர் முன்னால் போய் நிற்க என் காயத்தையோ கோபத்தையோ முந்தானையில் மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் அந்தக் கரையில் எனக்குக் கிடைத்த சுகம்.