அண்ணன் பிடித்த எஞ்சின்களும் நான் பிடித்த படமும்

எங்கள் அண்ணன் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தார். அப்பா தவறியபோது நான் கைக்குழந்தை. அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தவர், ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்து ஆசிரியையாக்கினார். ஊரார் கலியாணத்தையெல்லாம் படம் பிடித்தவர் தனக்கென்று ஒரு கலியாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "உன் ஒருத்தி வாய்க்கே பதில் சொல்ல முடியல, இன்னொண்ணு வேறயா?" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடையது. கமராவை மாட்டிக்கொண்டு பேராதனை ரயில் ஸ்டேஷனுக்கோ கடுகண்ணாவை ஏற்றத்துக்கோ போய்விடுவார். ஆட்கள் போகும் கோச்சி அவருக்கு வேண்டாம், சாமான் கோச்சிதான் வேண்டும். அதிலும் முன்னால் இழுக்கும் எஞ்சினை விட்டுவிட்டு, ஏற்றத்தில் பின்னாலிருந்து முட்டித் தள்ளும் எஞ்சினுக்காக மழையில் காத்து நிற்பார். "முன்னால போறத எல்லாரும் பாப்பாங்க தங்கச்சி. தள்ளுறவன யாரு பாக்குறா?" யுத்த காலத்தில் தண்டவாளத்தோரம் கமராவோடு நின்றதற்காகப் பொலிஸில் ஒரு பகல் உட்கார்ந்துவிட்டு வந்தார். நான் கத்தித் தீர்த்தேன். அடுத்த ஞாயிறும் போனார்.

ஓய்வு கொடுத்து ஓரமாய் நிறுத்திய எஞ்சின்களையும் எடுப்பார். புல் முளைத்தாலும் துரு ஏறினாலும் சரி. ஆனால் உடைப்பதற்காகத் தகடு கழற்றி, குழாயெல்லாம் வெளியே தெரியக் கிடப்பதைக் கண்டால் கமராவைப் பைக்குள் வைத்துவிடுவார். ஒருமுறை கூடப் போயிருந்த நான் ஏனென்று கேட்டேன்.

"பாவம், அதுக்குக் கூச்சமா இருக்கும்."

"இரும்புக்கு என்ன அண்ணே கூச்சம்? பைத்தியமா உங்களுக்கு!"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

போன வருடம் பேராதனை ஆஸ்பத்திரியில், மூக்கிலும் கையிலும் குழாய்களோடு, சவரம் செய்யாத முகத்தோடு, சட்டை திறந்தபடி அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். வெளிநாட்டு உறவுகள், "ஒரு படம் அனுப்புங்க, பாக்கணும் போல இருக்கு" என்று கேட்டபடி இருந்தார்கள். போனை எடுத்தேன், பிடித்தேன், குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். நிமிர்ந்தால் அண்ணன் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊசி குத்திய கை சட்டைப் பொத்தானைத் தேடியது.

"எடுத்துட்டியா?"

"சும்மா, வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டத்தான் அண்ணே."

ஒரு பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு, "வெளிச்சமாவது சரியா இருந்துச்சா?" என்றார். மறுநாள் தவறிவிட்டார்.

அந்தப் படம்தான் ஊரெல்லாம் போனது. அதற்கே மாலை போட்டு, அதன் கீழேயே இரங்கல் எழுதினார்கள். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, கொடுத்தவள் நான். கேட்காமல் அடுத்தவர் பொருளைத் தொடாதே என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள், சொந்த அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், கடைசிவரை அவருக்கு ஃபிலிம் தேடிக் கொடுத்து, மயானம்வரை தோளும் கொடுத்த அவருடைய சிநேகிதர் ‘நானா’ என்று நாங்கள் கூப்பிடும் அக்குறணைக் கடைக்காரருக்கும், அன்று அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இனி என் கெஞ்சல். அந்தப் படம் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நானும் அழிக்கத்தான் போனை எடுக்கிறேன். அதில் அவர் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார், என் கை வரமாட்டேனென்கிறது. நீங்களாவது அழித்துவிடுங்கள்.