நுஸ்ரத்துக்குத் தேவைப்படாத அட்டவணை

தராசுத் தட்டின் குளிர் முதுகில் பட்டதும் பிள்ளைகள் வீரிட்டுக் கத்துவார்கள்... அதற்கு மேலால் துறைமுகத்தில் கப்பல் ஊதும். எழுபதுகளில் திருகோணமலையில் எங்கள் கிளினிக் அப்படித்தான் விடியும்.

நானும் நுஸ்ரத்தும் அங்கே பிறந்த பிள்ளைகளின் நிறை பதிகிற வேலை. நான் உப்புவெளியிலிருந்து சைக்கிள். அவள் கிண்ணியாவிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் கடல் கடந்து, பஸ் பிடித்து, எனக்கு முதலே வந்து கதிரையில் இருப்பாள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொழும்பில் ஒரு புள்ளிவிபரப் பயிற்சி வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் இடம். நடுவில் கூட்டமும் ஓரங்களில் சிலருமாக நிறைகள் பரவுகிற செவ்வன் பரம்பலில் டாக்டர் ஐயா ஒரு கணக்குத் தருவார், சரியாகச் செய்பவர் போகலாம்.

எனக்கு அந்த இடம் வேணும். ஆனால் அவளுக்குத்தான் கிடைக்கும் என்று தெரியும். எழுத்து முத்துமுத்தாக இருக்கும், எதைக் கேட்டாலும் விடை வாயில் நிற்கும். அட, வயிறு எரிந்தது என்று சொல்லிவிடுகிறேனே!

சோதனையன்று காலை, அந்தக் கணக்குக்குப் பார்க்கிற, எங்கள் இருவருக்கும் பொதுவான அட்டவணைப் புத்தகத்தை எடுத்து மடியில் சேலைக்குள் ஒளித்தேன்...

"புத்தகம் எங்க?" என்றார் டாக்டர் ஐயா.

"தெரியாது ஐயா," என்றேன் நான்.

"சரி, இல்லாமச் செய்து பாருங்கோ. நிறை சராசரி ஆறரை இறாத்தல், நியம விலகல் ஒரு இறாத்தல். இருநூறு பிள்ளையள் பிறந்தா, அஞ்சரைக்குக் குறைஞ்சது எத்தினை?"

மேசைக்குக் கீழே புரட்டினேன். ஒரு விலகலுக்கு நேரே .3413. இருநூறால் பெருக்கினேன்.

"அறுபத்தெட்டு!"

நுஸ்ரத் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "முப்பத்திரண்டு ஐயா. நடுவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விலகலுக்குள்ள நூத்துக்கு அறுபத்தெட்டுப் பேர். மிச்சம் முப்பத்திரண்டுல பாதிதான் மெலிஞ்ச பக்கம், பதினாறு. இருநூறுக்கு முப்பத்திரண்டு."

டாக்டர் ஐயா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொன்னது நடுவில இருந்து அஞ்சரை வரைக்கும் உள்ள பிள்ளையள். ஓரத்தில நிக்கிற பிள்ளையளை விட்டிட்டியள்." அட்டவணையில் இருப்பது நடுவிலிருந்து எண்ணிய பங்குதான் என்பது அவருக்குத் தெரியும். "இது அட்டவணையைப் பார்த்தவை விடுற பிழையெல்லோ?"

நான் புத்தகத்தைச் சேலைக்குள் இன்னும் உள்ளே தள்ளினேன். அவர் அதோடு விட்டுவிட்டார். நுஸ்ரத் கொழும்புக்குப் போனாள்.

இப்போது பேரப்பிள்ளையின் நிறையை மகள் போனில் தட்டுகிறாள்... கண் மூடித் திறக்க முன் கோடு வந்து, பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டிவிடுகிறது. புத்தகமும் இல்லை, ஒளிக்க மடியும் வேண்டாம்.

போன கிழமை நுஸ்ரத் கோல் எடுத்தாள். பழைய கதை வந்தது.

"அண்டைக்குப் புத்தகம் உன்ட மடியிலதான் இருந்திச்சு. எனக்குத் தெரியும் புள்ள."

"பிறகேன் சொல்லேல்ல?"

"சொன்னா உன்ட வேல போயிருமே."

கெட்டிக்காரியாக இருந்ததை எப்போதோ மன்னித்துவிட்டேன். நல்லவளாகவும் இருந்திருக்கிறாளே... அந்தப் பொறாமையைத்தான் இந்த வயதிலும் அடக்க ஏலாமல் இருக்கிறது.