நாலு மணிக்கு அடங்கிய ஜீன்

திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று வருடமாகிறது. கொளுத்தும் வெயிலில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால், பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு வெந்நீரை நீட்டுகிறார்கள். அம்பாசமுத்திரத்தில் நாங்கள் குழாயில் பிடித்து அப்படியே குடித்து வளர்ந்தவர்கள் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்திலும் தினம் நாலு மணிக்குக் கெட்டிலில் அந்த வெந்நீர் கொதிக்கும். என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது அந்தக் கெட்டில்தான்.

நான் ஆராய்வது வயிற்றுப்போக்கு தரும் ஒரு பாக்டீரியாவை. குளிரில் அதன் டி.என்.ஏ. ஓரிடத்தில் வளைந்து கிடக்கும். ஒரு புரதம் அந்த வளைவில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஜீனைப் படியெடுக்க விடாது. மனித உடம்பின் முப்பத்தேழு டிகிரி கிடைத்தால் வளைவு தளரும், புரதம் விலகும், ஜீன் வேலையை ஆரம்பிக்கும். நான் காலையில் எடுத்த மாதிரிகளில் ஜீன் ஒழுங்காக வேலை செய்தது. சாயங்கால மாதிரிகளில் செத்துக் கிடந்தது. நான்கு மாதம் இதே கதை. "தமிழ்நாட்டில ஒக்கே இங்ஙனயாணோ லேப் வொர்க்?" என்று, தமிழ்நாட்டு வேலையே இப்படித்தானா என்பதுபோல், எல்லோர் முன்னாலும் கேட்டார் என் ஆய்வு வழிகாட்டியான மேடம். அடுத்த முறையும் இப்படியென்றால் ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் இருக்காது என்றார். அன்று கழிப்பறையில் போய் அழுதேன். என் கையையே சந்தேகப்பட்டேன்.

நேற்று நாலு மணி டீ வேளையில் செல்போனை எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். பாக்டீரியாவை முப்பத்தேழு டிகிரியில் வைத்திருக்கும் பெட்டியின் பிளக் உருவிக் கிடந்தது. அந்த சாக்கெட்டில் கெட்டில். நாங்கள் முக்கால் மணி நேரம் அரட்டை அடித்து முடிக்கும்வரை, ஏ.சி. குளிரில் என் பெட்டி ஆறிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வெந்நீரை தினமும் நானும்தான் குடித்தேன்! டெக்னீஷியன் பிந்துவிடம் கத்தினேன்.

"கொறச்சு நேரமல்லே சேச்சி? என்னும் இங்ஙனயல்லே செய்யுந்நது?" என்றாள். கொஞ்ச நேரம்தானாம், தினமும் இப்படித்தானாம்! என் வாயில் வந்ததெல்லாம் திருநெல்வேலித் தமிழ். அவள் விழித்தாள். "ஒண்ணும் மனசிலாயில்லா. மலையாளத்தில் பற சேச்சி."

மேடம் வந்து பிளக்கைப் பார்த்தார். "ஓ, அதாணோ? எல்லாம் ரிப்பீட் செய்தோளூ" என்று எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான்கு மாதத்துக்கு ஒரு மன்னிப்பு கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கழக்கூட்டம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே அம்மாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா இடையில் நிறுத்தினாள்.

"ஏட்டி, நீ பேசுறதுல பாதி மலையாளம். எனக்கு ஒண்ணும் வெளங்கல. தமிழ்ல சொல்லு."