தண்ணியக்கா கொடுத்த பாதை

காலை ஆறே காலுக்குச் செய்தி வந்தது. தம்பிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் இன்னும் நுரை. போனில் பேசியது தம்பியைத் தினமும் அழைத்துப்போகும் வேனின் ஓட்டுநர். "அக்கா, இன்னைக்கு வண்டி வராது. நம்ம தண்ணியக்கா ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க." மீதி முகத்தையும் மெதுவாகச் சவரம் செய்து முடித்தேன். கையில் ரேசர் இருந்ததால் அழ முடியவில்லை.

என் தம்பியைப் போல வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் பகலில் வந்துபோகும் மையத்தில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். முன்பு செடி விற்கும் கடையில் தொட்டிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் தொட்டி இறக்க மையத்துக்கு வந்தவர், வாளியோடு திகைத்து நின்ற ஒரு பெண்ணுக்குத் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக்கொடுத்து, அப்படியே தங்கிவிட்டார். பெயர் வைத்தது என் தம்பி. அவனிடம் இருக்கும் சொற்களே கொஞ்சம். அதில் இரண்டை ஒட்டி அவருக்குக் கொடுத்தான்.

அவருடைய கணவர் தையற்காரர். "ஏம்ப்பா, தெருவுல தண்ணியக்கான்னு கூப்பிட்டா என் பொண்டாட்டியப் பத்தி ஊரு என்ன நினைக்கும்?" என்பார்.

"உங்களக் கட்டிக்கிட்டும் தண்ணி போடாம இருக்காளேன்னு ஆச்சரியப்படும்" என்பார் அக்கா.

தம்பிக்கு அந்த மையம் நான்காவது இடம். மற்ற மூன்றிலும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வீட்டிலேயே இருந்தால் நெற்றியைச் சுவரில் மோதிக்கொள்வான். ஒரு புண் ஆறுவதற்குள் அடுத்த புண். இதுவும் போனால் மறுபடி அந்த அறையும் சுவரும்தான்.

சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, களை எடுக்கச் சொன்ன பாத்தியில் கீரை முழுவதையும் பிடுங்கிப் போட்டுவிட்டான். மற்றவர்கள் விதைத்து, முளைக்கக் காத்திருந்த கீரை. என்னை வரச் சொன்னார்கள். மேலாளரின் முகத்தைப் பார்த்ததுமே அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"பைய கீழ வைம்மா" என்றார் தண்ணியக்கா. வெறும் பாத்தியைக் குனிந்து பார்த்தார். "ஒரு வேர்கூட அறுந்து உள்ள நிக்கல, பாருங்க."

"அக்கா, அது கீரை" என்றார் மேலாளர்.

"கீரைன்னு எனக்கும் தெரியுது சார். இந்தக் கைய நாமதான் தப்பான இடத்துல விட்டுட்டோம்."

தம்பியைக் கூட்டிப்போய் செங்கல் பாதையில் உட்கார வைத்தார். கல்லிடுக்கெல்லாம் புல். "ராஜா, இங்க பச்சையா எது தலைய நீட்டினாலும் உன்னுது. யாரையும் கேக்க வேணாம்."

ஆறு வருடமாக அதுதான் அவன் வேலை. அக்காவின் கணவர் பழைய துணியில் பஞ்சு வைத்து முழங்காலுக்கு மெத்தை தைத்துக் கொடுத்தார். சக்கர நாற்காலிகள் எங்கும் சிக்காமல் உருளும் பாதை அது. நெற்றி ஆறியது, தேடினால்தான் தழும்பு தெரியும். அவன் இரவில் தூங்கினான், அதனால் அம்மாவும் நானும் தூங்கினோம். அம்மா தன் கடைசிக் காலத்தில் பயமில்லாமல் கண்ணை மூடினார் என்றால், அது தண்ணியக்கா போட்ட பிச்சை. ஒருமுறை இதைச் சொல்லப் போனேன். "அவன் புல்லு புடுங்குறான், நீ எனக்கு நன்றி சொல்றியா? நல்ல குடும்பம்" என்று சிரித்துவிட்டுக் குழாயைத் திறக்கப் போய்விட்டார்.

தம்பியிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "தண்ணியக்கா செத்துட்டாங்க. இனிமே வரமாட்டாங்க." அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நகர்ந்து நடுவில் நின்றேன்.

"பாதை?" என்றான்.

"பாதை இருக்கு. உன்னுதுதான்."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் இல்லாத இடத்தில் இவன் உட்காருவானா என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் மையம் மூடியிருந்தது. நல்ல மழை.

இன்று வேன் வந்தது. நானும் கூடவே ஏறிக்கொண்டேன். இறங்கியதும் அக்கா வழக்கமாக நிற்கும் குழாயடிக்குப் போய் நின்றவன், அங்கே யாரும் இல்லாததை நெடுநேரம் பார்த்தான். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவன் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு பாதையில் மண்டியிட்டான். மாலை வேன் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

வளைவு வரைக்கும் முடித்திருக்கிறான். அங்கிருந்து கேட் வரை இன்னும் புல் இருக்கிறது.