வானொலியில் கேட்ட காக்கை

பத்தாவது வரை படித்தவள் நான். இந்தப் பகுதிக்கு எழுத எனக்கு என்ன தகுதி என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில், பாகூரில் எங்கள் வீட்டில் நடந்தது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. சம்பளம் கிடையாது. சமையல் முடிந்ததும் செல்போனிலேயே அதில் பிழை திருத்துவேன். கொழுந்தனாரின் மனைவியான என் ஓரகத்திக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அதன் முதல் பக்கத்தில் தினம் ஒரு துணுக்குச் செய்தி வரும். என் வரி ஒன்று அங்கே வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சிறுமியாகப் பள்ளிக்கூடத்தில் கேட்ட சூரிய கிரகண ஒலிபரப்பைப் பற்றி எழுதினேன். அறிவிப்பாளர் நடுவில் பேச்சை நிறுத்திவிட, காக்கைகள் கூட்டுக்குத் திரும்பும் சத்தம் மட்டும் வானொலியில் கேட்டது என்று. 'சான்று தேவை' என்று அங்கே எழுதும் மற்றவர்கள் நிறுத்திவைத்தார்கள். நாமே காதால் கேட்டது அங்கே செல்லாது. அச்சில் இருக்க வேண்டும்.

ஓரகத்தி வில்லியனூர் நூலகத்தில், அந்த ஒலிபரப்பைப் பற்றி எழுதியிருந்த ஒரு பழைய அறிவியல் இதழைத் தேடிப் பிடித்தாள். அதில் இருந்தபடியே காக்கையை எடுத்துவிட்டு மைனா என்று போட்டு, வரியையும் பாதியாகச் சுருக்கினாள். எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா, மூஞ்ச தூக்கி வச்சினு இருக்க?"

"காதால கேட்டவ நானு. நீ அப்ப பொறக்கவே இல்ல. காக்காதான் கத்துச்சு."

"ரேடியோல மைனாதான்க்கா. அன்னிக்கு நம்மூர்லயும் இருட்டுச்சு இல்ல? நீ கேட்டது பள்ளிக்கூடத்து மரத்துக் காக்காவா இருக்கும்."

என் கணவர் சிரித்துவிட்டார். பள்ளி வாசலில் பெரிய புளியமரம் இருந்தது உண்மை.

வரி வெளியாக இன்னும் ஒருவருடைய ஆதரவு வேண்டியிருந்தது. எதிர்ப்பு எழுதத்தான், அந்த வரியைப் பற்றி எல்லோரும் கருத்துச் சொல்லும் உரையாடல் பக்கத்தைத் திறந்தேன். அங்கே அவள், 'தகவல் என் அக்காவுடையது, சான்று தேடியது மட்டும் நான்' என்று எழுதியிருந்தாள். படித்ததும் மனம் இளகியது என்றால் பொய். இதிலும் முந்திக்கொண்டாளே என்று இன்னும் எரிந்தது. ஆனாலும் அவள் வரியை மறுபடி படித்தேன். சரியாகத்தான் இருந்தது. 'ஆதரவு' என்று தட்டினேன்.

பொறாமை அடங்கட்டும் என்று காத்திருந்தால், சரியானதை ஒருநாளும் செய்யாமலே இருந்துவிடுவோம் என்று அன்றைக்குத் தெரிந்தது. எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் அந்த வரி முதல் பக்கத்தில் வந்தது. அதில் யார் பெயரும் இல்லை.